பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி: வீட்டிலேயே பராமரிப்பதும் கோளாறு கண்டுபிடிப்பதும்

பழைய டீசல் வண்டி ஒருநாள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், அதைப் புதிதாக வாங்கியவருக்கு உடனே வரும் பயம் இன்ஜின் போய்விட்டதோ என்பதுதான். அநேகமாகப் போயிருக்காது. டீசல் லைனுக்குள் காற்று, டீசலில் தண்ணீர், எங்கோ அடைத்துக்கொண்ட அழுக்கு, சரியாகப் பிடிக்காத எர்த் வயர் என்று நாலில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், மூடியுள்ள கண்ணாடி ஜாடி ஒன்று, கொஞ்சம் பொறுமை போதும்.

ஒரே ஒரு கட்டுப்பாட்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: சோதித்துப் பார்த்து இதுதான் என்று உறுதியாகும் வரை எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். சந்தேகத்தின் பேரில் முதலில் பேட்டரி, அப்புறம் செல்ஃப் மோட்டார், அப்புறம் ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினின் உள்ளே சூடேற்றும் பிளக்) என்று மாற்றிக்கொண்டே போனால் பழைய கோளாறு அப்படியே இருக்கும். கழற்றி மாட்டிய இடங்களில் புதிய கோளாறுகளும் சேர்ந்துகொள்ளும்.

வண்டிக்கு அடியில் போகும் முன்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. இது எல்லா வண்டிக்கும் பொது. ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் இதற்கு மேல் ஒரு ஆபத்து உண்டு, அதைப் பலர் அறிவதில்லை. பழைய லேண்ட் ரோவர் போன்ற சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. கியர் பாக்ஸின் சக்தியை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் உள்ள ஷாஃப்டைத்தான் பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கியவுடன் டிஃபரன்ஷியல் (அச்சின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்பு) வழியாகத் தரையில் உள்ள இன்னொரு சக்கரம் சுதந்திரமாக உருளத் தொடங்கிவிடும். ஹேண்ட் பிரேக் முழுக்க இழுத்திருந்தாலும் வண்டி நகரும். அதேபோல டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இருந்தால், கியரில் போட்டு நிறுத்தியதற்கோ ஆட்டோமேட்டிக்கில் பார்க்கில் போட்டதற்கோ அர்த்தமே இல்லை. ஆகவே சமதளமான, கெட்டியான தரை; தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை; டிரான்ஸ்ஃபர் லீவர் ஹை, லோ என்ற ரேஞ்சுகளில் ஏதாவது ஒன்றில். இதெல்லாம் ஆன பிறகுதான் ஜாக்கி.

இரண்டாவது, டீசல் அழுத்தம். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளிலேயே இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் நோசில் நூறு பார் (அழுத்தத்தின் அளவு) அழுத்தத்துக்கு மேல்தான் திறக்கும். எல்லா நோசிலுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டிகளில் அது ஆயிரம் பாரைத் தாண்டும். இன்ஜின் ஓடும்போது கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். மெல்லிய பீச்சல் தோலுக்குள் ஊடுருவிவிடும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. ஒரு அட்டையை நீட்டிப் பார்த்தால் நனையும் இடம் தெரிந்துவிடும்.

உங்கள் வண்டி எந்த வகை என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கார்களில் காமன் ரெயில் 1997-ல்தான் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்டி என்றால் காமன் ரெயில் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அதற்குப் பிந்தையது என்றால் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். அந்த மேனுவலை எப்படியாவது தேடி வாங்கிவிடுங்கள். எந்த ஸ்பேனர் செட்டையும்விட அதற்குத்தான் மதிப்பு அதிகம். போல்ட்டை எவ்வளவு இறுக்குவது, எந்த ஆயில் எத்தனை லிட்டர் என்ற கேள்விகளுக்கு ஊகத்தில் பதில் சொல்லக் கூடாது.

முதல் வார வேலை: எல்லா ஆயிலையும் பாருங்கள்

வண்டி உங்கள் கைக்கு வரும் முன் என்ன நடந்தது என்று தெரியாது. "எல்லாம் போன மாதம்தான் மாற்றினோம்" என்ற வாய்மொழியைக் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என்று ஐந்து இடத்தில் ஆயில் இருக்கிறது. முன்சக்கர அச்சு ஒரே துண்டாக உள்ள சில வண்டிகளில் சக்கரம் திரும்பும் மூட்டில் தனியாகக் கிரீஸோ ஆயிலோ இருக்கும்.

இன்ஜின் ஆயில் மாற்றியதும் சில நாளிலேயே கறுத்துப்போகும். டீசலில் அது இயல்பு, கரிப்பொடியை ஆயில் சுமந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிறத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், அளவைப் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் அளவு குறைந்தால் எரிகிறது அல்லது ஒழுகுகிறது. அளவு ஏறினால்தான் பெரிய கவலை. டீசலோ கூலன்டோ ஆயிலுக்குள் இறங்குகிறது. ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து ஆயிலும் நீர்த்திருந்தால், காரணம் தெரியும் வரை வண்டியை ஓட்டாதீர்கள்.

டிஃபரன்ஷியலில் ஒரு சின்ன ஒழுங்கு உண்டு: ஊற்றும் துளையின் பிளக்கை முதலில் திறந்துவிட்டு, அப்புறம்தான் கீழே வடிக்கும் பிளக்கைத் தொட வேண்டும். பழைய வண்டியில் மேல் பிளக் துருப்பிடித்து இறுகியிருந்தால், கீழே எல்லா ஆயிலையும் வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்க நேரும். வெளியே வரும் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. தண்ணீரைக் கடக்கும்போது சூடான அச்சு சட்டென்று குளிர்ந்து உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே உள்ள பிரீதர் (காற்று போய்வரும் துளை) அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுப் பிரீதரை விட்டுவிட்டால் அடுத்த முறையும் இதே கதைதான். காந்தம் வைத்த பிளக்காக இருந்தால் அதில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருக்கும், அது தேய்மானப் பொடி, பரவாயில்லை. விரலில் குத்தும் சில்லுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது.

அச்சுகளுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-5 தர ஆயில்தான் கேட்பார்கள். அதையே கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். ஜிஎல்-4 கேட்கும் பழைய கியர் பாக்ஸ்களில் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் உண்டு, பொருந்தாத ஆயிலில் அவை அரிபடும். வடித்த ஆயிலைக் கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். மண்ணிலும் சாக்கடையிலும் விடுவது பெரிய பாவம்.

ஸ்டார்ட் ஆகவில்லையா?

முதல் கேள்வி: செல்ஃப் சுற்றுகிறதா, எந்த வேகத்தில் சுற்றுகிறது? டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை இருபதில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் சூடு சுவர்களில் கரைந்துவிடும், எவ்வளவு நேரம் சுற்றினாலும் பற்றாது. ஆகவே டீசலைப் பற்றி யோசிக்கும் முன் மின்சாரத்தைப் பாருங்கள்.

இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். சாவியைத் திருப்பி செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். சில பழைய லேண்ட் க்ரூஸர்களில் இருப்பதுபோல 24 வோல்ட் அமைப்பு என்றால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் முனகினால் எர்த்தைச் சோதியுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வையுங்கள். கிளாம்ப் மேல் வேண்டாம், ஈயக் கம்பத்தின் மேலேயே. இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. பிளாக்கிலிருந்து சேசிஸுக்குப் போகும் பின்னல் வயர், அதன் அடியில் துரு, பெயின்ட், ஆயில் பிசுக்கு. கழற்றி, பளபளப்பு தெரியும் வரை தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். புதுச் செல்ஃப் மோட்டார் வாங்கியும் தீராத பிரச்சினை இந்தத் தேய்ப்பில் தீர்ந்துவிடுவது சகஜம்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. அடுத்ததாக சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வருகிறதா? வந்தால் டீசல் உள்ளே போகிறது, சூடு போதவில்லை: ஹீட்டர் பிளக் பக்கம் போங்கள். புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. இந்த ஒரு பார்வை பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

ஹீட்டர் பிளக்கைச் சோதிக்க, அவற்றை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லேம்பின் கிளிப்பைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். விளக்கு எரிந்தால் பிளக்கின் உள்கம்பி அறுபடவில்லை. எரியாத பிளக் செத்துவிட்டது. பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். சில வண்டிகளில் 12 வோல்ட்டுக்குக் குறைவான பிளக்குகள் உண்டு, நொடியில் கருகிவிடும். கழற்றும்போது இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விடுங்கள், கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் பின்வாங்கி, மெதுவாக எடுங்கள். ஹெட்டுக்குள் பிளக் முறிந்தால் அது வீட்டு வேலை அல்ல.

டீசல் போகவில்லை என்றால், முதலில் சாவியை ஆன் செய்யும்போது பம்பில் உள்ள ஸ்டாப் சோலினாய்டு "டிக்" என்கிறதா என்று கேளுங்கள். ரோட்டரி பம்ப் வண்டிகளில் இது அந்த வயருக்கு மின்சாரம் வந்தால்தான் டீசலைத் திறந்துவிடும். சத்தம் இல்லையென்றால் அந்த வயரில் வோல்ட் பாருங்கள். கழன்ற ஒரு சின்ன கனெக்டர் முழு வண்டியையும் நிறுத்திவைக்கும்.

காற்றும் தண்ணீரும்

இந்தப் பகுதியை நன்றாகப் பழகிக்கொண்டால் போதும், பழைய டீசல் வண்டியுடன் நீங்கள் தைரியமாகத் தூரப் பயணம் போகலாம்.

டாங்கியிலிருந்து பம்ப் வரை உள்ள லைனில் டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது, டாங்கியிலிருந்து டீசலைத் தள்ளிக்கொடுக்கும் லிஃப்ட் பம்ப் இல்லாத வண்டிகளில் முழுக்கவே அப்படித்தான். அங்கே ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது, ஆனால் இரவில் டீசல் மெல்ல டாங்கிக்கே திரும்பிப் போய்விடும். அடையாளம்: ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தி உடனே அடித்தால் சட்டென்று பற்றும், காலையில் மட்டும் நெடுநேரம் சுற்ற வேண்டியிருக்கும். சரிவில் முன்பக்கம் தாழ நிறுத்திவிட்டுக் காலையில் அடித்துப் பாருங்கள். அன்று சுலபமாக ஸ்டார்ட் ஆனால் சந்தேகமே வேண்டாம், காற்றுதான்.

எங்கே என்று பிடிக்க, பம்புக்குள் நுழையும் ஹோஸுக்குப் பதிலாக டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு துண்டைத் தற்காலிகமாக மாட்டுங்கள். இன்ஜின் ஓடும்போது குமிழிகள் ஓடுவது தெரியும். அதையே ஃபில்டருக்கு முன்னால் மாட்டிப் பாருங்கள். அங்கே குமிழி இல்லாமல் பின்னால் இருந்தால் ஃபில்டர் சீலோ பிரைமர் பம்போ (கையால் அழுத்தி டீசலை ஏற்றும் சிறு பம்ப்). அங்கேயும் இருந்தால் டாங்கி பக்கத்து ஹோஸ். இருபது வருட ரப்பர் என்றால் எல்லா ஹோஸையும் கிளிப்பையும் ஒரே நாளில் மாற்றிவிடுவதுதான் என் கட்சி. சோதிக்காமல் மாற்றாதீர்கள் என்று சொன்னேன்தான், ஆனால் வயதான ரப்பருக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்தலாம்.

தண்ணீருக்கு அந்தக் கண்ணாடி ஜாடி. ஃபில்டரின் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து, பிரைமரை நாலைந்து தடவை அழுத்தி, வருவதை ஜாடியில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தனிப் படலமாகத் தங்கும். இரண்டுக்கும் நடுவே கறுப்பாகக் கோழைபோல ஏதாவது மிதந்தால், டாங்கியில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. அது தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில்தான் பெருகும். ஃபில்டரை எத்தனை முறை மாற்றினாலும் தீராது, டாங்கியைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

ஃபில்டர் மாற்றினாலோ டீசல் தீர்ந்து நின்றாலோ காற்றெடுக்க வேண்டும். மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு முறை இது:

1. புது ஃபில்டரைச் சுத்தமான டீசலால் நிரப்பி மாட்டுங்கள். வெளிப்புறத் துளைகள் வழியாகவே ஊற்றுங்கள். நடுத்துளையில் ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேரே பம்புக்குப் போகும்.
2. ஃபில்டர் தலையிலுள்ள பிளீட் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தி, சுற்றிலும் துணி வைத்து, பிரைமரை அழுத்துங்கள். முதலில் நுரை வரும். குமிழியில்லாத டீசல் வந்ததும், அழுத்தியபடியே ஸ்க்ரூவை இறுக்குங்கள்.
3. பிரைமர் கையில் கெட்டியாகும் வரை தொடருங்கள். கெட்டியாகவே ஆகவில்லை என்றால் இன்னும் எங்கோ காற்று நுழைகிறது.
4. செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு பதினைந்து நொடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள்.
5. இன்னும் பற்றவில்லையா? இரண்டு நோசில்களின் பைப் நட்டை ஒரு சுற்று தளர்த்தி, முகத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டீசல் துளித்துளியாகத் தெறித்ததும் நிறுத்தி இறுக்கிவிடுங்கள்.

காமன் ரெயில் வண்டியில் ஐந்தாவது படியைச் செய்யவே கூடாது. அங்கே அந்த நட்டுகளில் கைவைப்பது உயிருக்கு ஆபத்து.

கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, அப்புறம் மூச்சு முட்டி நின்று, சற்று நேரம் கழித்துத் தானே சரியாகும் வண்டியும் உண்டு. நின்றவுடன் டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டால் டாங்கியின் பிரீதர் அடைத்திருக்கிறது. அந்தச் சத்தம் இல்லையென்றால் டாங்கிக்குள் உறிஞ்சும் குழாயின் சல்லடையைச் சந்தேகப்படுங்கள்.

புகை சொல்வது

கறுப்புப் புகை: டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். டர்போ வண்டி என்றால் டர்போவிலிருந்து இன்ஜின் வரை உள்ள ரப்பர் ஹோஸ்களின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். இரண்டும் சரியென்றால் நோசிலைச் சோதனைக்குக் கொடுக்கலாம்.

நீலப் புகை: ஆயில் எரிகிறது. நெடுநேரம் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஒரு மேகம் விட்டுவிட்டு நின்றுபோனால் வால்வ் சீல். ஏற்றத்தில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்கோ டர்போவோ.

வெள்ளைப் புகை: கண் எரிந்தால் எரியாத டீசல். இனிப்பான வாடையடித்து, கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்.

டர்போ சீல் போய் இன்ஜின் தன் ஆயிலையே குடித்துச் சாவியை எடுத்தும் நிற்காமல் அலறத் தொடங்கினால், பிரேக்கை முழுக்க மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு கிளட்சை விட்டு அணைத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் காற்று போகும் வாயைத் தட்டையான பலகையால் அடைக்க வேண்டும். கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது.

சூடேறினால்

எப்போது சூடேறுகிறது என்பதுதான் துப்பு. மெதுவாக ஊரும்போது ஏறி, வேகமெடுத்தால் இறங்கினால் காற்றோட்டக் குறை: ஃபேன், அல்லது ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே அப்பிய சேறு. இன்ஜினை நிறுத்திவிட்டு, சூடாக இருக்கும்போதே விஸ்கஸ் ஃபேனை (உள்ளே உள்ள திரவத்தின் பிடிப்பில் சுற்றும் ஃபேன்) ஒரு சுண்டு சுண்டுங்கள். தடையில்லாமல் பல சுற்று ஓடினால் உள்ளே திரவம் போய்விட்டது. சேற்றை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் கழுவுங்கள்.

வேகத்திலும் ஏற்றத்திலும் ஏறினால் நீரோட்டக் குறை: உள்ளே அடைத்த ரேடியேட்டர், வாட்டர் பம்ப், சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் யோசனையை ஏற்காதீர்கள். இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடித் தேயும். ஓர் இரவு முழுக்க ஆறிய பிறகும் மேல் ஹோஸ் கல்லாக இறுகியிருந்தால், எரியும் வாயு கூலன்டுக்குள் போகிறது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

அடிப்பக்கம்

பார்ட் டைம், அதாவது தேவைப்படும்போது மட்டும் போடும் ஃபோர் வீல் டிரைவில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படுகின்றன. திருப்பத்தில் முன்சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். காய்ந்த தார் சாலையில் வழுக்க இடமில்லாததால் அந்த இறுக்கம் முழுதும் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறும். லீவர் வெளியே வர மறுப்பது பெரும்பாலும் இதனால்தான். நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் போனால் விட்டுவிடும். அதே சமயம் மாதம் ஒருமுறையாவது மண் சாலையில் ஃபோர் வீலில் போட்டுச் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். பயன்படுத்தாமலே விட்டால் லீவரும், முன்சக்கரத்தை அச்சோடு பூட்டும் ஹப்பும் இறுகிப்போகும்.

முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது "டொக்" என்றால் புரொப்பல்லர் ஷாஃப்டின் யூ-ஜாயின்ட்டைக் கையால் திருகிப் பாருங்கள். ஆட்டமே இருக்கக் கூடாது. கிரீஸ் நிப்பிள் இருந்தால், பழைய கிரீஸ் சீல் ஓரத்தில் பிதுங்கும் வரை அடிக்கலாம். தண்ணீரில் இறங்கி வந்த மறுநாளும் அடியுங்கள்.

ஸ்டியரிங் ஆடுகிறதா? முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து அசைத்தால் ஆடுவது பெரும்பாலும் டை ராட் முனை.

வெளியே கொடுக்க வேண்டியவை

நோசில் சோதனை, பம்ப் காலிபிரேஷன், ஹெட் வேலை ஆகியவற்றுக்குத் தனி இயந்திரங்கள் வேண்டும், அவற்றில் வீட்டில் இறங்க வேண்டாம். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் அதை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், வேறு எதற்கும் முன் அதை டென்ஷனருடன் மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதிவிடும்.

கொடுக்கும்போது வெறுமனே "இழுக்க மாட்டேங்குது" என்று சொல்லாமல், ஒரு நோட்டில் எழுதிவைத்ததைக் காட்டுங்கள்: எத்தனை கிலோமீட்டரில் தொடங்கியது, குளிரிலா சூட்டிலா, புகை என்ன நிறம், செல்ஃப் அடிக்கும்போது எத்தனை வோல்ட், ஜாடியில் தண்ணீர் வந்ததா, எதையெல்லாம் சோதித்துச் சரி என்று கண்டீர்கள். அனுபவமுள்ள மெக்கானிக் அந்தப் பக்கத்தைப் படித்ததுமே எங்கே கைவைப்பது என்று தெரிந்துகொள்வார்.